நடக்காமல் போன தாக்குதல்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவு. என் போன் அலறியது. அந்த வாரம் எனக்கு ஆன்-கால் முறை. ஐடியில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ராத்திரி சர்வர்களுக்கு ஏதாவது ஆனால் எழுந்து பார்க்கவேண்டிய ஆள் அந்த வாரம் நான்தான். மும்பையில் இருந்த டேட்டாபேஸ் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் எதுவும் விழவில்லை. ஆனால் அந்தக் கோடு ஏறிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இதே மாதிரி ஏறி, இருபது நிமிடத்தில் மொத்தமாகப் படுத்துவிட்ட ஒரு இரவை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். காத்திருக்காமல் மொத்த டிராஃபிக்கையும் சிங்கப்பூர் பக்கம் திருப்பிவிட்டேன். மும்பை பிழைத்தது. சிங்கப்பூர் பாரம் தாங்காமல் திணறியது. அங்கிருந்த வாடிக்கையாளர்களுக்கு நாற்பது நிமிடம் எதுவுமே ஓடவில்லை. மும்பையில் நடந்ததற்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மறுநாள் எனக்குப் பாராட்டு மெயில் வந்தது. பெரிய விபத்தைத் தவிர்த்துவிட்டேனாம். அதற்கடுத்த நாள் நடந்த மீட்டிங்கில், அதிகம் பேசாத ஒரு சீனியர் மட்டும் கேட்டார்: "நீங்க திருப்பாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"விழுந்திருக்கும் சார்."

"எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. டிராஃபிக்கைத் திருப்பிய அந்த நொடியிலேயே மும்பையின் கோடு இறங்கிவிட்டது. அது விழுந்திருக்குமா, தானாகவே சரியாகியிருக்குமா என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியை நானே அழித்துவிட்டேன். அவர் குற்றம் சொல்லவில்லை. கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சர்வர் கதையை வைத்துக்கொண்டு போரைப் பற்றிப் பேச வருவது கொஞ்சம் அசிங்கம்தான். சர்வர் செத்தால் யாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுவதில்லை. ஆனாலும் 2025 ஜூனில் அந்தக் கேள்வி எனக்குத் திரும்ப வந்தது. 13ஆம் தேதி அதிகாலை இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. எதிரி அணுகுண்டை எட்டிவிடுவதற்குள் முந்திக்கொண்டோம் என்பது அது சொன்ன காரணம். அந்த வாரக் கடைசியில் வேலூர்ப் பக்கம் மாமா வீட்டில் இருந்தேன். மாமா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அடி வாங்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கறவன் முட்டாள்டா மாப்ள," என்றார்.

நான் ஐ.நா. சாசனம் அது இது என்று ஏதோ ஆரம்பித்தேன். "நீ ஏசி ரூம்ல உக்காந்து பேசற," என்று முடித்துவிட்டார். உண்மைதான். நான் பேசுவது எப்போதும் ஏசி ரூமிலிருந்துதான். அதனால் ஒரு முடிவு செய்தேன். மாமா சொல்வதற்கு ஆதரவாக இருக்கக்கூடிய ஆகச் சிறந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் உட்கார்ந்து பார்ப்பது. அப்படி எல்லோரும் காட்டும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 1967 ஜூன் 5.

அந்தக் கதை ஒரு பொய்யான அலர்ட்டில் தொடங்குகிறது. மே 13 அன்று சோவியத் யூனியன் எகிப்துக்கு ஒரு தகவல் கொடுத்தது: சிரிய எல்லையில் இஸ்ரேல் பெரும் படையைக் குவித்துவருகிறது, தாக்கப்போகிறது. எகிப்தின் ராணுவத் தலைமை அதிகாரி ஃபவ்ஸி உடனே சிரியாவுக்குப் போய் விசாரித்தார். அப்படி ஒரு படைக்குவிப்பு இல்லை. ஆனால் அதற்குள் எகிப்தியப் படைகள் சினாய்ப் பாலைவனத்துக்குள் நகரத் தொடங்கியிருந்தன. நகரத் தொடங்கியதை நிறுத்துவது எந்த அரசுக்கும் அவமானம். 1956 சூயஸ் போருக்குப் பிறகு எல்லையில் நின்றிருந்த ஐ.நா. அமைதிப்படையை நாசர் வெளியேறச் சொன்னார். மே 22 இரவு திரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடினார். அதை மூடினால் போருக்குச் சமம் என்று இஸ்ரேல் 1957லேயே அறிவித்திருந்தது. மே 30 அன்று ஜோர்டான் மன்னர் ஹுசைன் கெய்ரோவுக்குப் பறந்து நாசரோடு ஒப்பந்தம் போட்டார்.

இந்தப் பக்கம் இஸ்ரேலில் ரிசர்வ் வீரர்கள் எல்லோரையும் அழைத்தாகிவிட்டது. பஸ் ஓட்டுநர், ஆசிரியர், கடைக்காரர் எல்லோரும் பாலைவனத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் வேலை நின்றுபோனது. இப்படி எத்தனை வாரம் ஒரு சின்ன நாடு தாங்கும்? அரபு வானொலிகள் யூதர்களைக் கடலில் தள்ளுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. கேட்டவர்களில் பலர் ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிரோடு வந்து 22 வருடம்தான் ஆகியிருந்தது. டெல் அவிவில் பூங்காக்களைக் கல்லறைகளாக்குவதற்குக் குறித்துவைத்தார்கள். தலைமைத் தளபதி ராபின் உடைந்துபோய் ஒரு நாளுக்கும் மேல் படுத்துவிட்டார். இந்த பயத்தை நடிப்பு என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஆனால் அதே வாரங்களில் இன்னொரு கணக்கும் இருந்தது. யார் முதலில் அடித்தாலும் இஸ்ரேல் சில நாட்களிலேயே ஜெயித்துவிடும் என்பது அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு. இஸ்ரேலியத் தளபதிகளும் ஏறக்குறைய அதைத்தான் நம்பினார்கள். எகிப்தின் படையில் ஒரு பகுதி ஏமன் போரில் சிக்கியிருந்தது. அப்படியென்றால் பயந்தவர்கள் யார்? மக்கள் பயந்தார்கள். தளபதிகள் பயந்தது தோல்விக்கு அல்ல, தாமதத்துக்கு. ஒவ்வொரு நாளும் ஜெயிப்பதற்கான விலை ஏறுகிறது என்பது அவர்கள் கணக்கு. "அழிந்துவிடுவோம்" என்பதும் "அதிக விலை கொடுக்கவேண்டி வரும்" என்பதும் ஒரே பயமா? பேசும்போது இரண்டும் தற்காப்பு என்ற ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்துகொள்கின்றன. முதலாவதற்குக் கிடைக்கிற அனுதாபத்தை இரண்டாவது வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

ஜூன் 5, காலை. எகிப்திய விமானிகள் விடியற்காலை ரோந்து முடித்துத் திரும்பியிருந்த நேரம் பார்த்து இஸ்ரேலிய விமானப்படை வந்தது. சில மணி நேரத்தில் சுமார் 300 எகிப்திய விமானங்கள், பெரும்பாலும் தரையிலேயே, எரிந்துபோயின. ஆறு நாளில் சினாய், காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலன் குன்றுகள் எல்லாம் இஸ்ரேல் கையில்.

அன்றைக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இஸ்ரேல் என்ன சொன்னது தெரியுமா? எகிப்தியப் படைகள்தான் முதலில் நகர்ந்தன என்று சொன்னது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. முந்தி அடிப்பது நியாயம் என்று முழுக்க நம்புகிறவன் ஏன் "அவன்தான் முதல்ல அடிச்சான்" என்று சொல்லவேண்டும்? ஏனென்றால் ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு தற்காப்பு உரிமையைத் தருவது ஆயுதத் தாக்குதல் நிகழும்போது. நிகழப்போகிறது என்று அங்கே எழுதவில்லை. "நிகழப்போகிறது" என்பதற்கான வழக்கு அதற்கும் முந்தையது, 1837இல் நயாகரா ஆற்றில் நடந்தது. கனடாவின் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சரக்கு கொண்டுபோன கரோலைன் என்ற அமெரிக்க நீராவிக் கப்பலை, பிரிட்டிஷ் படையினர் ராத்திரியில் ஆற்றைக் கடந்துபோய், அமெரிக்கக் கரையிலேயே பிடித்துக் கொளுத்தி, அருவியை நோக்கி மிதக்கவிட்டார்கள். ஒருவர் செத்தார். தற்காப்பு என்றது பிரிட்டன். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் எழுதிய பதில் இன்றுவரை அளவுகோலாக நிற்கிறது. ஆபத்து அந்தக் கணத்தில் முன்னால் நிற்கவேண்டும், வேறு வழி இருக்கக்கூடாது, யோசிக்கவே நேரம் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

1967ஐ இந்த அளவுகோலில் வைத்தால் நிற்காது. யோசிக்க மூன்று வாரம் இருந்தது. கேபினட் கூடிக் கூடி வாக்கெடுத்தது. நேர்மையான போர் அநியாயப் போர் என்று பிரித்து எழுதியவர்களில் இன்று அதிகம் படிக்கப்படுகிற மைக்கேல் வால்சர், இதனால்தான் வெப்ஸ்டரின் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். கெடுதல் செய்யும் நோக்கம் வெளிப்படையாகத் தெரியவேண்டும், அந்த நோக்கத்தை ஆபத்தாக மாற்றும் தயாரிப்பு நடந்துகொண்டிருக்கவேண்டும், காத்திருந்தால் ஆபத்து பெருகும் நிலை இருக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் முந்தலாம் என்றார். அவர் சொன்ன முக்கிய உதாரணமே 1967தான். இது மனிதர்களுக்கு ஏற்ற விதி என்றுதான் எனக்கும் தோன்றியது. கத்தி கழுத்தைத் தொடும்வரை காத்திரு என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த சீனியரின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். அடிக்காமல் விட்டிருந்தால் நாசர் அடித்திருப்பாரா? எகிப்தியத் தளபதி ஆமிரிடம் மே கடைசியில் ஒரு தாக்குதல் திட்டம் இருந்தது. நாசர் அதை நிறுத்தினார். இதைத் திட்டம் இருந்ததற்கான சாட்சியாகவும் படிக்கலாம், நிறுத்தியதற்கான சாட்சியாகவும் படிக்கலாம். ராபினே மறு வருடம், சினாய்க்கு முதலில் அனுப்பப்பட்ட படை தாக்குவதற்குப் போதாது, நாசர் போரை விரும்பினார் என்று நான் நினைக்கவில்லை என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். 1967 கேபினட்டில் இருந்த மெனாகெம் பெகின், பிரதமரான பிறகு 1982இல் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். எகிப்து தாக்கவிருந்தது என்பதற்குப் படைக்குவிப்பு மட்டும் நிரூபணமாகாது, தாக்குவது என்று முடிவெடுத்தது நாம்தான் என்றார். அதே மூச்சில் அது உன்னதமான தற்காப்பு என்றும் சொன்னார். எதற்காக அன்று இவ்வளவு நேர்மை? அந்த வருடம் லெபனான் மீது தொடுத்த போரை நியாயப்படுத்துவதற்காக. அப்போதும் நாமே தேர்ந்தெடுத்தோம், இப்போதும் தேர்ந்தெடுக்கிறோம் என்பது வாதம். ஒரு முறை கிடைத்த விதிவிலக்கு இப்படித்தான் அடுத்ததற்கு முன்னுதாரணமாகிறது.

வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்கு மட்டும் ஓரளவு திட்டமான பதில் உண்டு. ஐ.நா. அமைதிப்படை பத்து வருடமாக எகிப்தின் பக்கத்தில் மட்டும்தான் நின்றது. எகிப்து வெளியேறச் சொன்னபோது, எல்லைக்கு அந்தப் பக்கம், இஸ்ரேல் மண்ணில் நிற்கலாமா என்று ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் கேட்டார். இஸ்ரேல் மறுத்துவிட்டது. நின்றிருந்தால் போர் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. எல்லாக் கதவையும் தட்டியாகிவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த அமைதிப்படையின் தளபதி ஒரு இந்தியர், மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்யே. கிளம்பக் காத்திருந்த அவருடைய இந்திய வீரர்களில் சிலர் போர் தொடங்கியபோது காஸாவில் குண்டுபட்டுச் செத்தார்கள். யாருடைய தற்காப்புக்கும் அவர்கள் ஆபத்தாக இருந்ததில்லை. என் நாற்பது நிமிட சிங்கப்பூர் இந்த இடத்தில் நினைவுக்கு வந்து, நினைத்ததற்காகவே கூசியது.

சரி, முந்தாமல் இருந்தால் என்ன விலை? அதற்கும் அதே மண்ணில் உதாரணம் இருக்கிறது, ஆறே வருடத்தில். 1973 வசந்தத்தில் எகிப்து தாக்கப்போகிறது என்று அலர்ட் வந்தது. தலைமைத் தளபதி எலாசர் அதை நம்பினார். நிறையச் செலவு செய்து படையைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்தார்கள். போர் வரவில்லை. ஆன்-கால் பார்க்கும் எவருக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். பத்து முறை பொய்யாக அலறிய அலாரத்தைப் பதினொன்றாவது முறை தூக்கக் கலக்கத்தில் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்போம். அக்டோபரில் எகிப்து பயிற்சி என்ற பெயரில் சூயஸ் கரையில் படையைக் குவித்தபோது இஸ்ரேலிய உளவுத்துறை, இதுவும் பயிற்சிதான் என்று படுத்துக்கொண்டது.

அக்டோபர் 6 விடியற்காலை உறுதியான தகவல் வந்துவிட்டது: இன்றைக்கே போர். எலாசர் சிரியா மீது முந்தி விமானத் தாக்குதல் நடத்த அனுமதி கேட்டார். பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் வேண்டாம் என்றார். பிரதமர் கோல்டா மேயரும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். முதலில் அடித்தவர்கள் நாம் என்றானால் நாளைக்கு ஒருத்தரும் உதவிக்கு வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. வெப்ஸ்டரின் கோட்டுக்கு உள்ளே வரக்கூடிய நிலை என்று ஒன்று இருந்தால் அது அந்தக் காலைதான். அப்போதுதான் அவர்கள் அடிக்கவில்லை. மதியம் 2 மணிக்கு எகிப்தும் சிரியாவும் அடித்தன. அந்தப் போரில் இஸ்ரேல் தரப்பில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். அரபுத் தரப்பில் அதைவிடப் பல மடங்கு. எட்டு நாள் கழித்து அமெரிக்க ஆயுதங்கள் விமானத்தில் வந்து இறங்கின. கோல்டா அடுத்த வருடம் பதவி விலகினார். அந்தக் காலை முந்தியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அமெரிக்க விமானங்கள் வந்திருக்குமா? இதற்கும் விடை கிடையாது.

இங்கே என் தர்க்கம் கொஞ்சம் தடுமாறியது. 1967ஐ அவ்வளவு சந்தேகத்தோடு படித்தவன் 1973இல் "அடித்திருக்கலாமே" என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். மாமா பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

தடுமாற்றம் தெளிந்தது வேறொரு கேள்வியில். 1973இல் எகிப்தும் சிரியாவும் எந்த மண்ணைத் தாக்கின? தங்கள் மண்ணை. சினாயும் கோலனும் 1967இல் போனவை. 1971 பிப்ரவரியிலேயே சாதாத், ஐ.நா. தூதர் வழியாக, மண்ணைத் திருப்பிக் கொடுத்தால் சமாதான ஒப்பந்தத்துக்குத் தயார் என்றார். 1967 ஜூனுக்கு முந்தைய எல்லைக்குத் திரும்ப மாட்டோம் என்றது இஸ்ரேல். அதாவது, ஒரு காலை நேர பயத்தின் பேரில் எடுத்தது, பயம் தீர்ந்த பிறகும் கையிலேயே இருந்தது. அடுத்த போர் அங்கிருந்துதான் வந்தது. கடைசியில் சினாய் 1982இல் திரும்பப் போனது, 1979 சமாதான ஒப்பந்தத்தின்படி. எட்டு வருடம் முன்பே பேசப்பட்ட பேரம்தான், ஏறக்குறைய. நடுவில் அத்தனை பிணங்கள்.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இது. முதல் அடி நியாயமா என்று அந்த அடியை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அது தன் சாட்சியைத் தானே அழித்துவிடுகிறது. நடக்காமல் போன தாக்குதலைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்த முடியாது. அதனால் அடித்தவன் பயந்ததை நான் நம்பத் தயார், சந்தேகத்தின் பலனை அவனுக்கே கொடுக்கவும் தயார். ஆனால் அது கடன்தான். பயந்து அடித்தவன் பயம் தீர்ந்ததும் என்ன செய்தான் என்பதை வைத்து அந்தக் கடனை வசூலிக்கவேண்டும்.

1967இல் வசூலிக்கப் போனால் கையில் கிடைப்பது மூன்று கிராமங்கள். இம்வாஸ், யாலோ, பெய்த் நூபா. ஜெருசலேம் போகும் வழியில் லத்ரூன் பகுதியில் இருந்தவை. அங்கே சண்டை ஓய்ந்த பிறகு இஸ்ரேலிய ராணுவம் ஊர்க்காரர்களை வெளியே நடக்கவைத்தது. வீடுகளை புல்டோசர் வைத்து இடித்தது. அவர்கள் திரும்பிவர விடப்படவில்லை. இன்று அங்கே மரங்கள் அடர்ந்த ஒரு பூங்கா இருக்கிறது. பெயர் கனடா பூங்கா. குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வரலாம். மேற்குக் கரையிலிருந்தும் காஸாவிலிருந்தும் அந்தப் போரில் கிளம்பியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஜூன் 5 காலையில் விமானம் ஓட்டியவரின் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. புல்டோசர் ஓட்டியவர் எதற்குப் பயந்தார்?

1981ஐ நீட்டப்போவதில்லை. ஈராக்கின் ஒசிராக் அணு உலையை ஜூன் 7 அன்று இஸ்ரேல் குண்டு போட்டு அழித்தது. பாதுகாப்புச் சபை, அமெரிக்கா உட்பட, ஒருமனதாகக் கண்டித்தது. மண் எதுவும் பிடிக்கவில்லை, வந்தார்கள், போட்டார்கள், போனார்கள். என் கணக்கில் கடன் குறைவுதான். ஆனால் சதாம் அதற்குப் பிறகுதான் ரகசியமாக, பெரிய அளவில் அணுகுண்டுக்கு இறங்கினார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 2003இல் அதே ஈராக்கின் மீது அமெரிக்கா படையெடுத்தபோது சொன்ன பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லவே இல்லை. சாட்சி அழியாமல் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரே அலர்ட் அது. யாருக்கும் தண்டனை இல்லை.

இதெல்லாம் எழுதி முடித்து தீபாவளிக்கு மறுபடி மாமா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தோம். நீங்க எப்பவாவது முதல்ல சுட்டிருக்கீங்களா மாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு காஷ்மீரில் ஒரு போஸ்ட்டில், பனிக்காலத்தில், ராத்திரி டியூட்டியில் இருந்ததைச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் என்னமோ அசைந்தது. கூட இருந்த பையன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். இவர் அவன் கையைப் பிடித்து அழுத்தி வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லையாம். அசைவு நின்றுபோனது.

"ஏன் மாமா சுடல?"

"தெரியலடா."

"யாரு அது?"

"காலைல போய்ப் பாத்தோம். ராத்திரி பூரா பனி கொட்டியிருந்துச்சு, தடம் ஒண்ணும் இல்ல. பன்னியா இருக்கும்னாங்க. ஆளாவும் இருந்திருக்கலாம்." வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வாரம் பக்கத்து போஸ்ட்ல ரெண்டு பேர் போயிட்டாங்க."